குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

என் 38ஆம் வயதில் 11 கிலோ எடை குறைத்தேன். அதற்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த 11 கிலோவும் திரும்பி வந்தது, கூடவே இன்னும் ஒரு கிலோவும் வந்தது. மருத்துவர் எடைக்கருவியின் எண்ணைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல் பல நாட்கள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. ஏழு மாதம் பசியோடு படுக்கைக்குப் போன ஒருவனிடம் கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விதான் என்னை உடல் பருமனைப் பற்றிப் படிக்க வைத்தது. படித்ததில் எனக்குப் பிடிபட்டவற்றை, இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடல் பருமனோடு வாழ்ந்தார். வயது வந்தவர்களில் 250 கோடிப் பேருக்கு எடை அதிகம். அவர்களுள் 89 கோடிப் பேர் பருமன் என்ற அளவைத் தொட்டவர்கள். 1990ஐ ஒப்பிட்டால் வயது வந்தோரிடையே பருமன் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. வளரிளம் பருவத்தினரிடையே நான்கு மடங்காகியிருக்கிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில், ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வேறுபாடில்லாமல், உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் மனிதர்களின் மனவுறுதி சரிந்துவிட்டது என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மாறியது வேறு ஏதோ ஒன்று. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எது பருமன்?

உடலில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்ந்து, உடல்நலத்துக்குக் கேடு செய்யும் நிலையைத்தான் மருத்துவத்தில் உடல் பருமன் என்கிறார்கள். கொழுப்பை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், அதற்கு மாற்றாக ஓர் எளிய கணக்கு பயன்படுகிறது. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு விடை 28.1. இதுதான் உடல் நிறை குறியீட்டெண், சுருக்கமாக பி.எம்.ஐ. பொதுவாக 25க்கு மேல் இருந்தால் அதிக எடை, 30க்கு மேல் இருந்தால் பருமன். ஆசிய மக்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வரத் தொடங்குவதால், 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளலாம் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற கணிதவியலாளர், 1830களில், மனிதக் கூட்டத்தின் சராசரி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக இதை உருவாக்கினார். அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். (கீஸின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அவர் மறுபடியும் வருவார்.) கூட்டத்தை அளக்கப் பிறந்த கணக்கு என்பதால் தனி ஆளிடம் அது அடிக்கடி தடுமாறுகிறது. தசை மிகுந்த விளையாட்டு வீரரையும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவரையும் அது ஒரே எண்ணில் அடைத்துவிடும்.

அதனால் எனக்கு இன்னோர் அளவுதான் பிடிக்கும். ஓர் அளவு நாடா போதும். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட பிறகு, வயிற்றை உள்ளிழுக்காமல் சுற்றளவை அளக்க வேண்டும். அது உங்கள் உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருப்பது நல்லது. 160 சென்டிமீட்டர் உயரம் என்றால் 80 சென்டிமீட்டருக்குள்.

வயிற்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எல்லாக் கொழுப்பும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. தோலுக்கடியில், தொடையிலும் பிட்டத்திலும் படியும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படியும் உள்ளுறுப்புக் கொழுப்புதான் தொல்லை தருவது. அது கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அவற்றால் இன்சுலினின் பேச்சை உடல் கேட்காமல் போகிறது. இரண்டாம் வகை நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்புப் படிதல், மாரடைப்பு ஆகியவற்றுக்கான பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. குறைந்தது 13 வகைப் புற்றுநோய்களுக்கும் அதிகக் கொழுப்புக்கும் தொடர்பு இருப்பதாக, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் உறுதி செய்தது. இவை தவிர வெறும் பாரத்தால் வரும் துன்பங்களும் உண்டு. உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டுக் குறட்டையோடு விழிப்பது ஒன்று, முழங்கால் தேய்மானம் இன்னொன்று. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. முழங்கால் வலியோடு படி ஏறுபவருக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும்.

உடல் வைத்திருக்கும் காவல்காரர்

"குறைவாகச் சாப்பிடு, அதிகமாக நட" என்பதில் இயற்பியல் பிழை எதுவும் இல்லை. உள்ளே போகும் ஆற்றல், செலவாகும் ஆற்றலைவிட அதிகமானால் மிச்சம் கொழுப்பாகிறது. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் தலா 4 கலோரி, கொழுப்பில் 9. உடலில் சேரும் ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. இதுவரை கணக்கு சரிதான். ஆனால் வரவையும் செலவையும் நாம்தான் முழுக்க முழுக்க முடிவு செய்கிறோம் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

நம் உடலைக் களஞ்சியம் உள்ள ஒரு வீடாக நினைத்துப் பாருங்கள். மனித இனம் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி, அடுத்த வேளை உணவு உறுதியில்லாத காலம். களஞ்சியம் காலியானால் சாவு. நிரம்பி வழிந்தால் உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அதனால் உடல் ஒரு காவல்காரரை அமர்த்தியிருக்கிறது. இருப்பு குறைந்தால் ஊரையே எழுப்புவார். கூடினால் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்.

இந்தக் காவல்காரர் இருப்பது மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியில். களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தகவல் கொண்டுபோவது லெப்டின் என்ற ஹார்மோன். 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டறிந்தார்கள். லெப்டினைச் சுரப்பது கொழுப்புத் திசுவேதான். எனக்கு இது பெரிய வியப்பாக இருந்தது. சும்மா கிடக்கும் மூட்டை என்று நாம் நினைத்த கொழுப்பு, மூளையோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு கரையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று படித்துக்கொள்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1999இல், ஜப்பானிய அறிவியலாளர்கள் மசயாசு கோஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் கிரெலினைக் கண்டுபிடித்தார்கள். இது வயிற்றிலிருந்து புறப்படும் பசித் தூது. எடை குறைந்தவர்களிடம் இது கூடுகிறது. உணவுக்குப் பின் குடலிலிருந்து கிளம்பி "போதும்" என்று சொல்லும் ஹார்மோன்களும் உண்டு, அவை குறைகின்றன.

சில மாதங்களில் இந்தக் கூச்சல் அடங்கிவிடாதா? 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். எடை அதிகமுள்ள 50 பேரை ஆய்வில் சேர்த்து, பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். பிறகு ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசியுணர்வும் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. எடையில் ஒரு பங்கு அதற்குள் திரும்பிவிட்டபோதும் இதுதான் நிலை.

செலவும் சுருங்குகிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் அளந்தார்கள். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்களுடைய உடல், ஓய்வில் இருக்கும்போது, அந்த எடைக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகச் செலவிட்டுக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும்! அவர்கள் மிகக் கடுமையான முறையில், மிக வேகமாக எடை குறைத்தவர்கள். எல்லாருக்கும் இவ்வளவு சரிவு இருக்காது. திசை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

செலவைவிடப் பசிதான் பெரிய சக்தி என்பதை இன்னோர் ஆய்வு அழகாகக் காட்டியது. இரண்டாம் வகை நீரிழிவுக்குத் தரப்படும் ஒருவகை மாத்திரை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையில் கொஞ்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அதைச் சாப்பிடுபவர் நாள்தோறும் பல நூறு கலோரியை இழந்துகொண்டிருப்பார், ஆனால் இழப்பது அவருக்குத் தெரியாது. உணவுக் கட்டுப்பாடு எதுவும் அவர் மேற்கொள்வதில்லை. அப்படியானால் எடை தொடர்ந்து குறைந்துகொண்டே போக வேண்டும் அல்லவா? போகவில்லை. சில கிலோ குறைந்ததும் நின்றுவிட்டது. தங்களை அறியாமல் அவர்கள் அதிகமாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். எடை மாறிய விதத்திலிருந்து ஹாலின் குழு கணக்கிட்டுச் சொன்னது இது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ ஏறக்குறைய 100 கலோரி கூடுகிறது.

என் 11 கிலோவை இதில் பொருத்திப் பார்த்தேன். செலவு 220 முதல் 330 கலோரி வரை குறைந்திருக்கும். பசி, எடை குறைப்பதற்கு முன் இருந்ததைவிட ஆயிரம் கலோரிக்கும் மேல் கூடியிருக்கும். நாளுக்கு நாள் இழுப்பு கூடி அந்த அளவை எட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதம் நின்றிருக்கிறேன். "கட்டுப்பாடு வேண்டும்" என்ற சொல் அன்றோடு என்னை விட்டுப் போனது.

மனவுறுதி மீதுதான் இன்னும் ஐயம் இருக்கிறது என்பவர்களுக்கு ஆன்செல் கீஸைத் திரும்பக் கூப்பிடுகிறேன். 1944, 45ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பட்டினிச் சோதனையில் 36 இளைஞர்கள் கலந்துகொண்டார்கள். மனச்சான்றின் பொருட்டுப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். போரால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்பது என்று கண்டறிய உதவலாம் என்று தாமாக முன்வந்தார்கள். கொள்கைக்காக ஊராரின் ஏச்சைத் தாங்கிக்கொண்டவர்களிடம் மனவுறுதிக்குக் குறைவிருக்குமா? 24 வாரம் ஏறக்குறைய பாதி உணவில் வாழ்ந்து, எடையில் கால் பங்கை இழந்தார்கள். நாள் முழுவதும் உணவைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வுமாகத் துவண்டார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். பலருக்கு முன்பிருந்ததைவிட அதிகக் கொழுப்புச் சேர்ந்தது. இவர்கள் பருமனானவர்கள்கூட இல்லை. நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள்.

அப்படியானால் மாறியது எது?

காவல்காரர் காலங்காலமாக இருப்பவர். எடை மட்டும் இந்தச் சில பத்தாண்டுகளில் ஏன் ஏறியது?

மரபணுவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் வெளியான ஆய்வு, அவர்களின் எடை பெற்றோரின் எடையை ஒட்டி இருந்ததே தவிர வளர்த்தவர்களின் எடையை ஒட்டி இல்லை என்று காட்டியது. ஆனால் மனித மரபணுக்கள் முப்பது ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. வெள்ளம் வரும்போது பள்ளத்தில் வீடு உள்ளவர் முதலில் நனைவார். மேட்டில் இருப்பவர் கால் ஈரமாகாமல் நிற்பார். மேடா பள்ளமா என்பது பிறப்போடு வருகிறது. வெள்ளம் புதிது.

அந்த வெள்ளத்தின் பெரிய ஓடை, ஆலைகளில் உருவாகும் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு. மாவையும் எண்ணெயையும் சர்க்கரையையும் பிரித்தெடுத்து, சுவையூட்டி, நிறமூட்டி, மென்மையாக்கி, பாக்கெட்டில் அடைத்துத் தருபவை. கெவின் ஹால் 2019இல் இதை நேரடியாகச் சோதித்தார். 20 பேரை நான்கு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் இத்தகைய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத எளிய உணவு. இரண்டிலும் பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகப் பொருத்தப்பட்டிருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம், வேண்டாததை விட்டுவிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சராசரியாக 0.9 கிலோ ஏறியது. எளிய உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது. அதே மனிதர்கள், அதே அறை, அதே மனவுறுதி. தட்டில் இருந்தது மட்டும் வேறு. மென்மையான உணவை அவர்கள் வேகமாக விழுங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம். "போதும்" என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

இனிப்புப் பானங்கள் இன்னும் மோசம். 330 மில்லிலிட்டர் குளிர்பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது 140 கலோரி. மென்று தின்பதைப்போல் குடிப்பது வயிற்றை நிறைப்பதில்லை. அடுத்த வேளை உணவும் குறைவதில்லை. நாள் முழுவதற்கும் சேர்த்துக் கூடுதல் சர்க்கரையை 50 கிராமுக்குள் வையுங்கள், முடிந்தால் 25க்குள் வையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தூக்கத்தை இந்தப் பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களின் உடலில் லெப்டின் குறைந்து கிரெலின் கூடியதை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. 2022இல் வந்த ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்தது. குறைவாகத் தூங்கும் பழக்கமுள்ள, எடை அதிகமுள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தை நீட்டிக்க மட்டும் வழி சொன்னார்கள். உணவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூங்கியவர்கள், மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 270 கலோரி அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகும் நலமான வாழ்க்கை ஏன் எட்டாமல் போகிறது? என் கோபம் இங்கேதான். "வீட்டிலேயே சமையுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள், தினமும் நடங்கள்" என்று சொல்வது எளிது. இரவுப் பணி பார்ப்பவருக்கு, இரண்டு வேலைகளுக்கு ஓடுபவருக்கு, நோயாளியையும் குழந்தையையும் ஒருசேரப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? ஒரே அளவு கலோரிக்கு, காய்கறியும் பழமும் கேட்கும் விலை பாக்கெட் உணவைவிட அதிகம். நடக்கப் பாதுகாப்பான பாதை இல்லாத இடங்கள் எத்தனையோ! நாள் முழுவதும் நாற்காலியில் உட்காரவைக்கும் வேலையைத் தந்துவிட்டு, உட்காராதே என்று அறிவுரை சொல்கிறோம். தனி மனிதருக்குச் சொல்லும் அறிவுரையில் பாதியை அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டும். மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது, வாங்குவது குறைந்தது. சிலி 2016இல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பாக்கெட்டுகளின் முன்புறத்தில் கருப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நிறுவனங்கள் பல தங்கள் தயாரிப்பில் சர்க்கரையைக் குறைத்தன. இவை செய்யக்கூடிய காரியங்கள்.

நம் கையில் இருப்பது

கயிற்றிழுப்பில் உடலின் பக்கம் வலு அதிகம் என்று தெரிந்த பிறகு, முழுப் பலத்தோடு இழுப்பது அறிவுடைமை ஆகாது. விடாமல் பிடித்துக்கொண்டிருக்க முடிந்த அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும்.

அந்த அளவு நாம் நினைப்பதைவிடச் சிறியது. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ஒரு பிரிவினருக்கு வைத்த இலக்கு, எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட நடையும் மட்டுமே. 80 கிலோ உள்ளவருக்கு அது ஐந்தரைக் கிலோ. அந்தப் பிரிவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை கொடுத்த பிரிவில் 31 விழுக்காடுதான் குறைந்தது. ஐந்தரைக் கிலோ குறைந்தவரைப் பார்த்து யாரும் "இளைத்துவிட்டாயே" என்று வியக்க மாட்டார்கள். ஆனால் கல்லீரலும் கணையமும் ரத்தக் குழாய்களும் அதை உணர்கின்றன.

உடற்பயிற்சியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அரை மணி நேர நடையில் செலவாகும் கலோரி, மேலே சொன்ன ஒரு குளிர்பானத்தின் கலோரிக்குத்தான் ஈடாகும். அதனால் எடை குறைப்பதில் நடையின் பங்கு சிறியது. இதைச் சொல்லாமல் நடக்கச் சொல்வதால்தான், இரண்டு மாதத்தில் எடைக்கருவி அசையவில்லை என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். குறைத்த எடையைத் தக்கவைப்பதில் அதன் பங்கு பெரியது. தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்ற அந்த 14 பேரிலும் நிறைய இயங்கியவர்கள்தான் அதிகம் தக்கவைத்தார்கள். எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை எல்லாம் சீராகும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தசைப் பயிற்சியைத் தள்ளிவிடாதீர்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. அதைத் தடுக்கப் புரதமும் பளு தூக்கலும் வேண்டும்.

உணவில் நான் கண்ட மிகப் பயனுள்ள மாற்றம், முடிவெடுக்கும் இடத்தை மாற்றியது. இரவு பத்து மணிக்கு அலமாரியின் முன் நின்று பசியோடு சண்டை போட்டால் தோல்விதான், அந்த நேரத்தில் காவல்காரர் நம்மைவிட வலியவர். வயிறு நிறைந்திருக்கும்போது, கடையில், அந்தப் பொருளை வாங்காமல் வருவது எவ்வளவோ எளிது. பானங்களில் சர்க்கரையை விட்டேன். தட்டில் முதலில் காய்கறி, பிறகு பருப்பு, முட்டை போன்ற புரதம், கடைசியில் தானியம் என்று வரிசையை மாற்றினேன். மெதுவாகச் சாப்பிடுகிறேன். இவை எதற்கும் கலோரி எண்ணத் தேவையில்லை.

ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து எடை குறைவது நின்றுவிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேதான் மனம் உடைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். அது தோல்வியின் அடையாளம் ஆகாது. பசி கூடியதும் செலவு குறைந்ததும் உங்கள் முயற்சியோடு சமநிலைக்கு வந்துவிட்டன என்று பொருள். அங்கே நிற்பதே ஒரு வேலை. நிற்க முடிந்தால் அதுவே வெற்றி.

சிலருக்கு எவ்வளவு செய்தும் போதாமல் போகும். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி போன்றவை இருக்கலாம். ஸ்டீராய்டுகள், சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவற்றாலும் எடை கூடலாம். (அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் பேசுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) அண்மைக் காலத்தில் வந்துள்ள செமாகுளூட்டைடு போன்ற ஊசி மருந்துகள், குடல் ஹார்மோன் ஒன்றைப்போல் நடித்து, காவல்காரரையே அமைதிப்படுத்துகின்றன. 2021இல் வெளியான ஆய்வில், அதை 68 வாரம் எடுத்துக்கொண்டவர்கள் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தார்கள். நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ரத்த அழுத்த மாத்திரையைப்போல இதுவும் நெடுநாள் சிகிச்சை என்பதே இதன் பொருள். குமட்டல் போன்ற பக்க விளைவுகளும், பலராலும் தாங்க முடியாத செலவும் உண்டு. மிக அதிகப் பருமனுக்கு அறுவை சிகிச்சை இன்றும் வலுவான வழி. இவற்றை நாடுவோரைப் பார்த்துக் "குறுக்கு வழி" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. மூக்குக்கண்ணாடி போடுபவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பழியையும் கேலியையும் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எடைக்காகக் கேலி செய்யப்பட்டவர்கள் அதனால் இளைப்பதில்லை. கேலிக்கு ஆளானவர்களின் எடை பின்னர் மேலும் கூடியதையே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அவர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகக் கூசுகிறார்கள். மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். நானும் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பதினான்கு மாதம் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. அந்த இடைவெளியில் என் ரத்த அழுத்தம் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை.

குழந்தைகளிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 2022இல், 5 முதல் 19 வயதுக்குட்பட்ட 39 கோடிப் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு, தனி விதி என்று வைக்காதீர்கள். அதன் உடலைப் பற்றி அதன் காதுபட எதுவும் பேசாதீர்கள். மாற்ற வேண்டியதை வீடு முழுவதற்கும் சேர்த்து மாற்றுங்கள்: எல்லாருக்கும் ஒரே உணவு, எல்லாருக்கும் ஒரே தூக்க நேரம், எல்லாரும் சேர்ந்து வெளியே போகும் நடை.

இப்போது என் எடை, எல்லாம் திரும்பி வந்திருந்த அந்த நாளைவிட ஆறு கிலோ குறைவு. மூன்று ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறது. வேறு மருத்துவரிடம் போகிறேன். முதல் நாள் அவரிடம் எடையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. "இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், மூன்று மாத சராசரிச் சர்க்கரை, கல்லீரல், தூக்கம் இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்து, எதில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டார்.